ஏல மேசையின் மூன்று வருடக் கணக்கு

2025 ஐ.பி.எல். பருவத்தில் சென்னை சூப்பர் கிங்ஸ் பத்தாவது இடத்தில், அதாவது கடைசியில் முடித்தது. அந்த அணிக்கு அப்படி நேர்ந்தது அதுவே முதல் முறை. பழியெல்லாம் ஏல மேசை மேல் விழுந்தது. தலைமைச் செயல் அதிகாரி காசி விஸ்வநாதனும் பயிற்சியாளர் ஸ்டீபன் பிளெமிங்கும் ஆள் பார்க்கத் தெரியாதவர்கள் ஆகிவிட்டார்கள். இரண்டே ஆண்டுக்கு முன் கோப்பை வந்தபோது இதே மேசையை மேதைகள் என்று தூக்கிவைத்துக் கொண்டாடியிருந்தோம். இரண்டு தீர்ப்புமே அவசரத் தீர்ப்பு. கோப்பையைப் பார்த்துக் கொள்முதலை எடைபோட்டவை.

கோவிலூர், காரைக்குடி வட்டாரத்தில், முடிவை எடைபோடும் இந்த வேலையை ஒழுங்காகச் செய்யத் தெரிந்தவர்கள் இருந்தார்கள். பர்மாவுக்குக் கொண்டுவிற்கப் போன நகரத்தார் கடைகளில் முதலாளி ஊரில் இருப்பார். அங்கே கடையை நடத்துபவர் மேலாள். அவருக்குக் கீழே அடுத்தாள், பெட்டியடிப் பையன். மேலாளுக்குப் பொதுவாக மூன்று வருடக் கணக்கு. அது முடிந்து ஊர் திரும்பினால் ஏட்டைப் புரட்டிப் பார்ப்பார்கள். 1942இல் ஜப்பான் படை ரங்கூனைப் பிடித்ததில் போன பணத்துக்கு எந்த மேலாளையும் குற்றம் சொல்ல முடியாது. 1930களில் நெல்விலை சரிந்து, கடனுக்கு ஈடாக வந்த நிலம் கீழ்ப் பர்மாவின் விளைநிலத்தில் கால்வாசி என்ற அளவுக்குச் சேர்ந்ததே, அந்தக் கடன்களை யார், எந்த ஈட்டின் பேரில், என்ன வட்டிக்குக் கொடுத்தார்கள் என்பது வேறு கேள்வி. அதைக் கேட்கலாம், கேட்கவும் வேண்டும். ஐ.பி.எல். பெரு ஏலமும் பொதுவாக மூன்று ஆண்டுக்கு ஒருமுறை வருவது தற்செயல்தான். ஆனால் வசதியான தற்செயல்.

அமெரிக்கக் கூடைப்பந்திலும் (என்.பி.ஏ.) இதே கேள்விதான். புது வீரர்களை எடுக்க ஏலம் கிடையாது, வரிசைதான். அங்கே வரிசை எண்ணே விலை. 1984இல் போர்ட்லாண்ட் அணி இரண்டாவது இடத்தில் சாம் போவியை எடுத்தது. அடுத்த இடத்தில் சிகாகோவுக்குக் கிடைத்தவர் மைக்கேல் ஜோர்டன். நாற்பது ஆண்டுகளாக இதைச் சொல்லிச் சிரிக்கிறார்கள். ஜோர்டன் ஆடும் இடத்தில் போர்ட்லாண்டிடம் ஏற்கெனவே கிளைட் டிரெக்ஸ்லர் இருந்தார் என்பதால் உயரமான நடு ஆட்டக்காரரைத் தேடியதில் தவறில்லை. போவியின் கால் எலும்பு கல்லூரிக் காலத்திலேயே முறிந்து ஆண்டுக்கணக்கில் உட்காரவைத்தது எல்லாருக்கும் தெரியும் என்பதே அவர்கள் மேல் நிற்கும் குற்றம். 2015இல் டல்லஸ் 52ஆவதாக எடுத்த பஞ்சாப் இளைஞர் சத்னாம் சிங் என்.பி.ஏ.வில் ஒரு ஆட்டமும் ஆடவில்லை. அதற்காக டல்லஸை யாரும் திட்டவில்லை. 52ஆவது இடத்தில் இழப்பது குறைவு.

ஆக, கேள்வி இரண்டு: கை தூக்கிய அன்று என்ன தெரிந்திருந்தது? அதற்கு என்ன விலை கொடுத்தார்கள்?

சென்னைக்கு வருவோம். 2022 பெரு ஏலத்தில் தீபக் சாஹருக்கு 14 கோடி. ஏலம் முடிந்த அடுத்த வாரமே இந்தியாவுக்காக ஆடும்போது காயம். அந்தப் பருவம் முழுவதும் போயிற்று. அது ரங்கூன் கணக்கு, தள்ளுபடி செய்யலாம். ஆண்டின் இறுதியில் வாங்கிய பென் ஸ்டோக்ஸை அப்படித் தள்ள முடியாது. 16.25 கோடி, ஆடியது இரண்டு ஆட்டம், எடுத்தது 15 ரன். மூன்று வடிவத்திலும் ஆட உடம்பு ஒத்துழைக்கவில்லை என்று ஏலத்துக்குச் சில மாதங்கள் முன்புதான் ஒருநாள் போட்டியிலிருந்து அவர் விலகியிருந்தார். 2021இல் கிருஷ்ணப்பா கௌதமுக்கு 9.25 கோடி கொடுத்ததும் இதே ரகம். அதே ஏலத்தில் மொயின் அலியை 7 கோடிக்கு வாங்கியாயிற்று. இரண்டாவது ஆஃப் ஸ்பின்னர் எங்கே ஆடுவார்? அந்தப் பருவத்தில் ஒரு ஆட்டமும் ஆடவில்லை. கோப்பை வந்ததால் யாரும் கேட்கவில்லை.

சில்லறைப் பக்கம் திரும்பினால் வேறு அணியின் ஏடோ என்று தோன்றும். 2023இல் கோப்பை வென்ற ஆண்டு கான்வே 672 ரன். விலை 1 கோடி. ரஹானே 326 ரன், அதுவும் நூறு பந்துக்கு 172 என்ற வேகத்தில். விலை 50 லட்சம். துஷார் தேஷ்பாண்டே 21 விக்கெட், பதிரானா 19 விக்கெட். ஆளுக்கு 20 லட்சம். நால்வருக்கும் சேர்த்து 1.90 கோடி, ஸ்டோக்ஸின் விலையில் எட்டில் ஒரு பங்குக்கும் குறைவு. குறைந்த பணத்தில் கூர்மையாகப் பார்க்கும் கண், பணம் நிறைய இருக்கும்போது மங்கிவிடுகிறது.

வாங்காமல் விட்டதும் கணக்கில் வரவேண்டும். 2022 ஏலத்தில் சென்னைப் பையன் சாய் சுதர்சன் 20 லட்சத்துக்குக் குஜராத் போனார். முந்தைய டி.என்.பி.எல். (தமிழ்நாடு பிரீமியர் லீக்) பருவத்தில் கோவை அணிக்காக 358 ரன் குவித்தவர், அதாவது சேப்பாக்கத்தின் வாசலிலேயே ஆடியவர். மற்ற அணிகளும் விட்டன என்பது சரி. ஆனால் அவர்களுக்கு டி.என்.பி.எல். சொந்த ஊர் ஆட்டம் இல்லை. 2023 இறுதிப் போட்டியில் சென்னைக்கு எதிராக 47 பந்தில் 96 அடித்தார். 2025இல் 759 ரன்னோடு ஆரஞ்சுத் தொப்பி. (2023 டி.என்.பி.எல். ஏலத்தில் அவர் விலை 21.6 லட்சம். ஐ.பி.எல். விலையைவிட அதிகம்!)

பெரிய தொகையை இந்த அணி எப்போதுமே வீணாக்கியது என்றும் சொல்லக்கூடாது. 2008இல் தோனிக்கு 15 லட்சம் டாலர் கொடுத்தபோது சென்னையின் கிரிக்கெட் பொறுப்பில் இருந்தவர் தமிழகத்தின் முன்னாள் தொடக்க ஆட்டக்காரர் வி.பி.சந்திரசேகர். அன்று ஐந்து அணிகளுக்கு 'ஐகான்' வீரர் இருந்தார். அணியில் அதிக விலை போனவரைவிட அவருக்கு 15 சதவீதம் கூடுதலாகக் கொடுக்க வேண்டும். மும்பை தோனியை வாங்கினால் சச்சினுக்கும் சேர்த்து ஏறும். சென்னைக்கு ஐகான் இல்லை. விதியைப் படித்துவிட்டுக் கொடுத்த விலை அது.

இப்போது ஓடுவது 2025இல் தொடங்கிய கணக்கு. 120 கோடியில் 65 கோடி ஐந்து பேரைத் தக்கவைப்பதிலேயே போயிற்று. மிச்சத்தில் 38 வயது அஸ்வினுக்கு 9.75 கோடி, ஒரு பருவத்தோடு அவர் ஐ.பி.எல்.லிலிருந்தே ஓய்வு பெற்றுவிட்டார். பெரு ஏலத்தில் யாரும் வாங்காத பிரெவிஸை நடுப்பருவத்தில் 2.2 கோடிக்கும், ஆயுஷ் மாத்ரேயை 30 லட்சத்துக்கும் பிடித்தது பழைய சில்லறைக் கெட்டிக்காரத்தனம். 2025 டிசம்பர் ஏலத்தில் இந்தியாவுக்கு ஆடாத இரண்டு இளைஞர்களுக்கு, பிரசாந்த் வீருக்கும் கார்த்திக் சர்மாவுக்கும், தலா 14.20 கோடி. கையில் இருந்த 43.40 கோடியில் 28.40 கோடி இந்த இருவருக்கு. பையன்கள் நன்றாக வரலாம், வரட்டும். வந்தாலும் 14.20 கோடி என்ற விலைக்கு அன்று கையில் இருந்த ஆதாரம் மிகக் குறைவு என்பது மாறாது. 2023 டிசம்பரில் இதேபோல் 8.40 கோடிக்கு வாங்கிய சமீர் ரிஸ்வி, ஒரே ஆண்டில் 95 லட்சத்துக்கு டெல்லிக்குப் போனார்.