ஏரியைச் சுற்ற முடியாதவர்களுக்கு ஒரு வளையம்

சர்க்கரை, பிரஷர், கொழுப்பு என்று எதற்காக டாக்டரிடம் போனாலும் கடைசியில் வரும் அறிவுரை ஒன்றுதான்: "தினமும் நடங்க." நல்ல அறிவுரை, காசும் செலவில்லை. ஆனால் அப்படி நடப்பதற்கு மூன்று விஷயங்கள் தேவை. நடக்க ஓர் இடம் வேண்டும். இருட்டோடு எழுந்து அங்கே தனியாகப் போய்வர முடிய வேண்டும். அந்த ஒரு மணி நேரம் வீட்டில் யாரும் நம்மைத் தேடாமல் இருக்க வேண்டும். என்னைப் போன்ற ரிடையர் ஆன ஆண்களுக்கு மூன்றும் இருக்கிறது. நம் பக்கத்துப் பெண்கள் பலருக்கு மூன்றில் ஒன்றுகூட இல்லை.

அதனால்தான் இன்றைக்கு எடை வைத்த வளையத்தைப் பற்றி எழுதுகிறேன். ஹூலா ஹூப் என்கிறார்களே, இடுப்பில் மாட்டிச் சுற்றுவது, அதேதான். சின்னப் பிள்ளைகள் விளையாட்டு என்று நாம் சிரிக்கும் இந்த வளையம், வெளியே போய் நடக்க முடியாத ஐம்பது, அறுபது வயதுப் பெண்களுக்கு மரியாதையான ஓர் உடற்பயிற்சி என்பது என் கட்சி. முப்பத்தோரு வருஷம் உடற்கல்வி ஆசிரியராகப் பிள்ளைகளை ஓடவிட்டவன் என்ற முறையில் சொல்கிறேன்.

ஏலகிரியில் விடியற்காலையில் புங்கனூர் ஏரிப் பக்கம் போய்ப் பாருங்கள். குல்லாயும் மப்ளருமாக நடப்பவர்கள் பெரும்பாலும் எங்களைப் போன்ற கிழவர்கள்தான். இரண்டு சுற்று நடப்போம், அரசியல் பேசுவோம், டீ குடிப்போம். வீட்டுக்குத் திரும்பும்போது இட்லி தயாராக இருக்கும். அந்த இட்லியைச் செய்தவர் எப்போது நடந்தார் என்று நாம் கேட்பதில்லை.

பதினாலு வளைவும் இறங்கிக் கீழே போனால் நிலைமை இன்னும் மோசம். வாணியம்பாடி, ஆம்பூர், பேரணாம்பட்டு என்று எங்கு பார்த்தாலும் டேனரியும் ஷூ கம்பெனியும்தான். விடிந்ததும் விடியாததுமாகச் சமைத்து வைத்துவிட்டு, டப்பாவைத் தூக்கிக்கொண்டு, கம்பெனி வண்டிக்காக ரோட்டோரம் நிற்கும் பெண்களை நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம். பகலெல்லாம் தையல் மெஷின் முன்னால் குனிந்த முதுகு. சாயங்காலம் வந்தால் மறுபடி அடுப்பு. இப்படி இருபது இருபத்தைந்து வருஷம் ஓட்டிவிட்டு ஓய்வு பெறும்போது கையில் பி.எஃப். பணம் கொஞ்சம் இருக்கிறது, கூடவே இடுப்பு வலியும் சர்க்கரையும் இருக்கிறது. அவர்களிடம் போய் "தினமும் நடம்மா" என்று சொல்வது எளிது.

இது நம் ஊர்ப் பிரச்சினை மட்டுமில்லை. 2022-ம் வருஷத்துக்கு உலக சுகாதார நிறுவனத்தின் ஆய்வாளர்கள் போட்ட கணக்குப்படி, இந்தியாவில் போதுமான உடலசைவு இல்லாதவர்கள் ஆண்களில் நூற்றுக்கு 42 பேர், பெண்களில் 57 பேர். 2019-21 தேசியக் குடும்ப நல ஆய்வில் இடுப்பளவை எடுத்துப் பார்த்தார்கள். வயிற்றுப் பருமன் உள்ளவர்கள் ஆண்களில் நூற்றுக்குச் சுமார் 12 பேர், பெண்களில் 40 பேர். ஐ.சி.எம்.ஆர். 2023-ல் வெளியிட்ட கணக்கில் நாட்டில் சர்க்கரை நோயாளிகள் பத்துக் கோடிக்கு மேல். வயிற்றில் சேரும் கொழுப்புக்கும் சர்க்கரைக்கும் உள்ள உறவு உங்களுக்குத் தெரியாததில்லை.

"அந்தக் காலத்தில் அம்மி அரைத்தார்கள், ஆட்டுக்கல்லில் மாவாட்டினார்கள், அதுவே உடற்பயிற்சி" என்று உடனே ஒருவர் கிளம்புவார். எனக்கு இந்தப் பேச்சில் உடன்பாடு கிடையாது. அது அடுத்தவர் பசிக்காகச் செய்த வேலை. உடம்பு முடியாத நாளிலும் செய்தாக வேண்டியிருந்தது. என் அம்மா ஆயுசு முழுக்க ஆட்டுக்கல் சுற்றினார், கடைசிப் பத்து வருஷம் நிமிர்ந்து நடக்கவில்லை. உழைப்பு வேறு, உடற்பயிற்சி வேறு. நம் உடம்புக்காக, நாம் தேர்ந்தெடுத்த நேரத்தில், முடிந்த அளவு செய்து, முடியாதபோது நிறுத்துவதுதான் உடற்பயிற்சி. அந்தச் சுதந்திரம் ஆட்டுக்கல்லில் இல்லை.

எங்கள் பள்ளிக்கூடங்களில் பெண் பிள்ளைகளுக்கு வளையம் புதிதாகவும் இருந்ததில்லை. ஆண்டு விழாவில் கலர் கலராக வளையம் பிடித்து டிரில் செய்வார்கள். வளையப்பந்து என்றால் உயிரை விடுவார்கள். ரப்பர் வளையத்தை வலைக்கு மேலே எறிந்து, அது தரையைத் தொடும் முன் பாய்ந்து பிடிக்கிற வேகத்தைப் பார்த்தால் மான்குட்டிதான் நினைவுக்கு வரும். அதே பிள்ளைகளைப் பத்து வருஷம் கழித்துப் பஸ் ஸ்டாண்டில் பார்ப்பேன். "இப்ப ஏதாவது விளையாடறியாம்மா?" என்று கேட்டால், கேட்கக் கூடாததைக் கேட்டது போலச் சிரிப்பார்கள். கல்யாணத்தோடு பெண்ணின் விளையாட்டுப் பீரியட் முடிந்துவிடுகிறது. ஆணுக்கு அப்படி முடிவதில்லை, எழுபது வயதிலும் ஷட்டில் ஆடுகிறோம்.

என் மனைவியின் தங்கை ஆம்பூரில் இருக்கிறாள். ஷூ கம்பெனியில் இருபத்திரண்டு வருஷம் தைத்தவள். போன வருஷம் அவள் மகள் ஆயிரம் ரூபாய் சொச்சத்தில் இந்த வளையம் ஒன்றை வாங்கிக் கொடுத்தாள். நாங்கள் போயிருந்தபோது பீரோவுக்குப் பின்னால் பழைய புடவையில் சுற்றி வைத்திருந்தது. ஏன் ஒளித்து வைத்திருக்கிறாய் என்று கேட்டேன். மருமகனும் பேரன்களும் சிரிக்கிறார்களாம். மத்தியானம் எல்லோரும் போன பிறகு கதவைச் சாத்திக்கொண்டு சுற்றுகிறாளாம். "ஏரிப் பக்கம் கொஞ்சம் நடக்கலாமே" என்றேன். அவள் சொன்னாள்: "மாமா, நீங்க ஏரியைச் சுத்துவீங்க. நான் எதைப் போய்ச் சுத்தறது? அதான் இது என்னைச் சுத்துது." நாற்பது வருஷமாக வாத்தியார் என்று பெயர் வாங்கியவனுக்கு அதற்குப் பதில் இல்லை.

சரி, சுற்றினால் பலன் உண்டா? பின்லாந்தில் ஒழுங்காகச் சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். முடிவு 2019-ல் ஒரு மருத்துவ இதழில் வந்தது. அதிக எடை உள்ள 53 பேர், ஒன்றரைக் கிலோ வளையம். ஒரு பாதிப்பேர் முதல் ஆறு வாரம் வளையம் சுற்றி, அடுத்த ஆறு வாரம் நடந்தார்கள். மற்ற பாதி முதலில் நடந்துவிட்டுப் பிறகு வளையம் சுற்றினார்கள். வளையம் சராசரியாக நாளுக்கு 13 நிமிஷம், நடை நாளுக்குச் சுமார் 10,000 அடி. வளையம் சுற்றியபோது இடுப்பளவு 3 சென்டிமீட்டர் குறைந்தது, நடந்தபோது ஒரு சென்டிமீட்டர்கூடக் குறையவில்லை. வயிற்றுப் பகுதிக் கொழுப்பும் வளையத்தில்தான் அதிகம் குறைந்தது, நடு உடம்பின் தசையும் கூடியது. கெட்ட கொழுப்பு என்கிறோமே எல்.டி.எல்., அதுவும் இறங்கியது.

இதே ஆய்வு இன்னும் இரண்டு விஷயம் சொல்கிறது. விளம்பரக்காரர்கள் இதைச் சொல்ல மாட்டார்கள். ஒன்று, உடல் எடை இரண்டிலுமே அரைக் கிலோ அளவுக்குத்தான் குறைந்தது. ஆகவே "ஏழே நாளில் பத்துக் கிலோ" என்பதெல்லாம் சுத்தப் பொய். எடை மெஷினைப் பார்க்காதீர்கள், தையல்காரர் டேப்பை எடுத்து இடுப்பை அளந்து பாருங்கள். நம் நாட்டுக்காரர்களுக்குப் பெண் என்றால் 80 சென்டிமீட்டர், ஆண் என்றால் 90 சென்டிமீட்டர், அதற்கு மேல் போனால் கவனிக்க வேண்டும் என்பது கணக்கு. இரண்டாவது, ரத்த அழுத்தம் நடந்தபோதுதான் குறைந்தது, வளையத்தில் குறையவில்லை. நடக்க முடிந்தவர்கள் நடையை விட்டுவிட்டு வளையத்தைப் பிடிக்க வேண்டாம். வாரத்துக்குக் குறைந்தது 150 நிமிஷம் உடலசைவு வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். தினம் 13 நிமிஷம் என்றால் 91 நிமிஷம்தான் ஆகிறது. காலையில் பத்து, மாலையில் பன்னிரண்டு நிமிஷம் என்று பழகிவிட்டால் கணக்கு சரியாகிவிடும்.

"இதெல்லாம் வெள்ளைக்காரன் சமாச்சாரம்" என்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. பிளாஸ்டிக் வளையத்தை 1958-ல் அமெரிக்காவில் வாம்-ஓ என்ற கம்பெனி விற்றுப் பிரபலமாக்கியது உண்மைதான். ஹவாய்த் தீவின் ஹூலா நடனத்திலிருந்து பெயர் வந்தது. ஆனால் கனத்தை உடம்பைச் சுற்றிச் சுழற்றிப் பலம் சேர்ப்பது நமக்குப் புதிதா? நம் கரளாக்கட்டை வேறென்ன? அதுவும் ஆண்கள் கையிலேயே இருந்துவிட்டது, அவ்வளவுதான். 2020-ல் டில்லியைச் சேர்ந்த எஷ்னா குட்டி என்ற பெண் புடவை கட்டிக்கொண்டு வளையம் சுற்றிய வீடியோ நாடு முழுக்கப் பரவியதே, உங்கள் பேத்தியைக் கேட்டால் காட்டுவாள்.

இனி வாத்தியார் வேலை. நேராக நின்று வளையத்தைத் தரையில் நிறுத்தினால் அதன் உச்சி தொப்புளுக்கும் மார்புக்கும் நடுவில் வர வேண்டும். சின்ன வளையம் வேகமாகச் சுற்றும், சீக்கிரம் விழும். பெரியது மெதுவாகச் சுற்றும், புதிதாகப் பழகுபவர்களுக்கு அதுதான் நல்லது. ஒரு கிலோவில் ஆரம்பித்தால் போதும். உள்பக்கம் முண்டு முண்டாக இருப்பதை வாங்காதீர்கள், கன்றிப்போகும். இடுப்பில் பெல்ட் போல மாட்டி, கயிற்றில் குண்டு தொங்கிச் சுற்றும் புது மாதிரி ஒன்றும் வருகிறது. விழாது, ஆனால் அந்தக் குண்டு டி.வி.யையும் பேரன் தலையையும் பதம் பார்க்கும். பின்லாந்து ஆய்வு நடந்ததும் பழைய மாதிரி முழு வளையத்தில்தான்.

ஒரு காலை அரை அடி முன்னால் வைத்து, வளையத்தை முதுகோடு ஒட்டிப் பிடித்துத் தள்ளிவிடுங்கள். இடுப்பை வட்டமாகச் சுழற்ற வேண்டியதில்லை. முன்னும் பின்னும் சின்னதாகத் தள்ளினால் வளையம் தானே ஓடும். வலப்பக்கம் சுற்றிய அளவு இடப்பக்கமும் சுற்றுங்கள். முதல் வாரம் இரண்டு மூன்று நிமிஷம் போதும். விழுந்தால் இடுப்பை வளைத்து எடுக்காமல் முட்டியை மடக்கி உட்கார்ந்து எடுங்கள். சாப்பிட்டு இரண்டு மணி நேரம் ஆகியிருக்கட்டும், தரை ஈரமில்லாமல் இருக்கட்டும். புடவையைவிடச் சுடிதார் வசதி, வழுக்காத காட்டன் துணி நல்லது.

டிஸ்க் தொந்தரவு, எலும்புத் தேய்மானம், குடலிறக்கம் உள்ளவர்கள், கர்ப்பப்பை எடுத்தவர்கள், வயிற்றில் வேறு ஆபரேஷன் செய்துகொண்டவர்கள், ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுபவர்கள் எல்லாம் டாக்டரைக் கேட்காமல் வளையத்தைத் தொட வேண்டாம். லேசாகக் கன்றுவது சகஜம். முதுகிலிருந்து காலுக்கு வலி இறங்கினால் அன்றைக்கே நிறுத்த வேண்டும்.

அரசாங்கம் 2023 நவம்பரில் மாவட்டத்துக்கு ஒன்றாக எட்டுக் கிலோமீட்டர் நடைபாதையை அடையாளம் காட்டித் திட்டம் ஆரம்பித்தது. நல்ல திட்டம். ஆனால் அந்தப் பாதைக்குப் போய்ச்சேர பஸ் ஏற வேண்டிய பெண்ணுக்கு அதனால் என்ன லாபம்? ஒவ்வொரு மகளிர் சுயஉதவிக் குழுவுக்கும் இரண்டு வளையம் வாங்கி வைத்தால் என்ன செலவாகிவிடும்? குழுக் கூட்டம் முடிந்ததும் கதவைச் சாத்திக்கொண்டு கால் மணி நேரம் சுற்றிவிட்டுப் போகட்டுமே. மக்களைத் தேடி மருத்துவம் என்று 2021-லிருந்து வீடு வீடாக வருகிறார்களே, அந்த இயன்முறைப் பயிற்சியாளர்கள் யாருக்கு ஆகும், யாருக்கு ஆகாது என்று பார்த்துச் சொல்லலாம். ஷூ கம்பெனிகள் சாப்பாட்டு இடைவேளையில் ஒரு மூலையை ஒதுக்கினால் அவர்கள் தொழிலாளர்களின் முதுகுக்குத்தான் நல்லது.

அதெல்லாம் நடக்கும்போது நடக்கட்டும். நம் வீட்டில் நாம் செய்ய வேண்டியது அதைவிடச் சின்னது. நடுக்கூடத்தில் இருக்கும் டீப்பாயை நகர்த்துங்கள். அந்த இருபது நிமிஷம் காபி கேட்காதீர்கள், போன் வந்தால் நீங்கள் எடுங்கள், குக்கர் விசிலை நீங்கள் எண்ணுங்கள். முக்கியமாக, சிரிக்காதீர்கள். வளையம் முதல் நாள் பத்துத் தடவை விழும். பத்துத் தடவையும் எடுத்துக் கொடுக்க ஒருவர் பக்கத்தில் இருந்தால் பதினோராவது தடவை நிற்கும்.