அறிவன அறிவோம்: கோப்புச் சர்வரில் நுழைய இயலாவிடில்



பிழைப்பின் பொருட்டு ஊர் விட்டு வந்து வாழும் நம் இல்லங்களில், வீட்டிலிருந்தே அலுவல் பார்க்கும் இளைஞர் இன்று பலர். அச்சகத்துக்குரிய பக்கங்களையும் அலுவலகக் கணக்குகளையும் அவர்கள் கோப்புகளாகச் சர்வருக்கு அனுப்புகின்றனர். ஒருநாள் அச்சர்வர் நுழைவை மறுத்துவிட்டால், கடவுச்சொல்லையே திரும்பத் திரும்ப இட்டுப் பார்ப்பது பெரும்பாலோர் வழக்கம். அதனால் நன்மை இல்லை; தீமை உண்டு. தடை எந்தப் படியில் நேர்ந்தது என்று முதலில் அறிதலே முறை.

எஃப்.டி.பி. எனும் கோப்பு மாற்ற நெறியின் முதல் வரைவை 1971 ஏப்ரலில் எழுதியவர் அபய் பூஷண். கான்பூர் ஐ.ஐ.டி.யில் பயின்று, அப்போது அமெரிக்காவில் எம்.ஐ.டி.யில் இருந்தவர். 1985இல் வெளிவந்த அந்நெறியின் திருத்தமே இன்றும் அடிப்படையாக நிற்கிறது. அதன்படி சர்வர் தரும் விடை ஒவ்வொன்றும் மூன்றிலக்க எண்ணோடு வரும். அவ்வெண்ணே நமக்கு வழிகாட்டி.

ரயில்வே அலுவலகத்தில் எழுத்தர் வேலை பார்க்கும் நமக்கு எளிதில் தோன்றும் உவமை ரயில் பயணமே. நிலையத்தை அடைவது முதற்படி; சீட்டைக் காட்டுவது இரண்டாம் படி; பெட்டியில் நமக்குரிய இடத்தில் அமர்வது மூன்றாம் படி.

எண் எதுவும் வாராமல் தொடர்பே கிட்டாவிடில், நாம் நிலையத்தையே அடையவில்லை என்று கொள்க. அங்கே கடவுச்சொல்லுக்கு வேலை இல்லை. முகவரியையும் போர்ட் எண்ணையும் சரிபார்க்க வேண்டும். எஃப்.டி.பி.க்கு வழக்கமான எண் 21, எஸ்.எஃப்.டி.பி.க்கு 22. இரண்டும் பெயரால் ஒத்தவை, நெறியால் வேறானவை. ஒன்றற்குரிய வாயிலில் மற்றொன்று நுழையாது.

இனி இரண்டாம் படி. 331 என்ற விடை கடவுச்சொல்லைக் கேட்பதாகும். அதனால் நம் பயனர் பெயர் சரியென்று எண்ணிவிடலாகாது. இல்லாத பெயருக்கும் பல சர்வர்கள் அவ்வாறே விடை தரும். 530 வந்தால் நுழைவு மறுக்கப்பட்டது என்பது பொருள். ஆங்கிலப் பெரிய எழுத்து, சிறிய எழுத்து வேறுபாட்டையும், நகலெடுக்கையில் ஒட்டிக்கொண்ட வெற்றிடத்தையும் பார்க்க. இவை சரியாயிருந்தும் 530 வருமாயின், கணக்கு முடக்கப்பட்டிருக்கலாம். அல்லது மறைகுறியிட்ட தொடர்பையே சர்வர் வேண்டலாம்.

விடையெண்ணின் முதல் இலக்கம் 4 ஆயின் தடை தற்காலிகமானது. சற்றுப் பொறுத்து முயலலாம். 5 ஆயின் அதே முயற்சியை அப்படியே திரும்பச் செய்வதில் பயனில்லை. தவறிய முயற்சிகள் மிகுந்தால், பல சர்வர்கள் அந்த இணைய முகவரியையே சில காலம் தடுத்துவிடும். ஒரே இணைப்பைப் பலர் பகிரும் விடுதியில், ஒருவருடைய பொறுமையின்மை அங்குள்ள அனைவருக்கும் வாயிலை அடைத்துவிடும்.

மூன்றாம் படியில், 230 என்ற வரவேற்பு வந்த பின்னும் கோப்புறை திறவாதிருக்கலாம். அக்கோப்புறை இல்லாமையோ, அதற்குரிய அனுமதிக் குறைவோ காரணமாகும். இதற்கு மருந்தென்று எண்ணிச் சிலர் எல்லார்க்கும் எல்லா அனுமதியும் தரும் 777 என்ற எண்ணை இட்டுவிடுகின்றனர். எஸ்.எஃப்.டி.பி.யில் சாவிக் கோப்பைக் கொண்டு நுழைவோருக்கு இது நேர்மாறான பயனையே தரும். பிறர் எழுதக்கூடிய இடத்தில் உள்ள சாவியைச் சர்வர் பொதுவாக நம்புவதில்லை. நுழைவும் கிட்டாது, காப்பும் போய்விடும்.

மற்றொன்றும் கருதுக. பழைய எஃப்.டி.பி.யில் கடவுச்சொல் மறைப்பின்றியே செல்லும்; இடைவழியில் உள்ளோர் அதனைப் படித்தல் கூடும். அதே சொல்லை வங்கிக் கணக்குக்கும் வைத்திருப்போரின் நிலையைச் சொல்லவும் வேண்டுமோ! இயன்றவரை எஸ்.எஃப்.டி.பி.யையே கைக்கொள்க.

இவையெல்லாம் பார்த்தும் வழி பிறவாவிடில், சர்வர் நிர்வாகிக்கு எழுதுக. முயன்ற நேரம், பயனர் பெயர், வந்த விடையெண் ஆகிய மூன்றும் போதும். வெளியே சொல்லாத காரணத்தைச் சர்வர் தன் பதிவேட்டில் குறித்து வைத்திருக்கும். நேரத்தைக் கொண்டு அவர் அதனைக் கண்டுகொள்வார். கடவுச்சொல்லை மட்டும் எழுத வேண்டா. அதனைக் கேட்கும் உரிமை அவருக்கும் இல்லை.