கிட்டாரில் பழுதில்லை, கம்பி விற்கிற முறையில்தான் பழுது

கொஞ்சம் நீளமான பதிவு. பிள்ளைக்கு எலக்ட்ரிக் கிட்டார் வாங்கிக் கொடுத்தவர்களும் வாங்கப் போகிறவர்களும் கடைசிவரை வாசியுங்கள்.

எங்கட பக்கம் ஒரு பேச்சு வேரூன்றிவிட்டது: "தடிச்ச கம்பி போடு, அப்பதான் சவுண்ட் வரும்." பிள்ளையும் இருந்த மெல்லிய கம்பியைக் கழற்றிவிட்டுத் தடித்ததைப் போடுகிறான். இரண்டு நாளில் கம்பி பலகையை விட்டு எழும்பி நிற்கும். சுருதி நிற்காது. பிரிட்ஜ் தூக்கிக்கொள்ளும். கடைக்குத் திருப்பிக் கொண்டுபோனால் அடுத்த தீர்ப்பு: "கழுத்து வளைஞ்சிட்டு, புதுசு பாருங்க." வெளிநாட்டில் உழைக்கிற வாப்பாவின் காசு, கடலுக்குப் போகிற அப்பாவின் ஒரு சீசன் மிச்சம், கட்டிலுக்கு அடியில் போய்விடுகிறது. "எனக்குக் கை வராது" என்று பிள்ளையும் ஒதுங்கிவிடுகிறான். எனக்குக் கோபம் வருவது இந்த இடத்தில்தான்.

கணக்கைப் பாருங்கள். 9 கம்பி என்றால் ஆக மெல்லிய கம்பியின் தடிப்பு ஓர் அங்குலத்தில் ஆயிரத்தில் 9 பங்கு. 9–42 செட்டில் ஆறு கம்பியும் சேர்ந்து கழுத்தை இழுப்பது சுமார் 39 கிலோ. 10–46 போட்டால் சுமார் 47 கிலோ. எட்டுக் கிலோ கூடுதல் இழுவையைத் தாங்கும் மரம் கொஞ்சம் முன்னுக்கு வளையாமல் என்ன செய்யும்? அதற்காகத்தான் கழுத்துக்குள் ட்ரஸ் ரொட் என்ற இரும்புக் கம்பியை வைத்திருக்கிறார்கள். அலன் கீயால் ஒரு தடவைக்குக் கால் சுற்றுக்கு மேல் போகாமல் இறுக்கிப் பார்த்தால், பெரும்பாலும் அந்த "வளைஞ்ச கழுத்து" நிமிர்ந்துவிடும்.

பிரிட்ஜ் எழும்புவதும் இதே கதைதான். ட்ரெமலோ உள்ள கிட்டாரில் கம்பி ஒரு பக்கம் இழுக்கிறது, பின்னால் இருக்கிற ஸ்பிரிங் மறுபக்கம் இழுக்கிறது. கம்பியின் பலத்தைக் கூட்டினால் ஸ்பிரிங்கின் திருகையும் இறுக்க வேண்டும். தடித்த கம்பி நட்டின் வெட்டுக்குள் சிக்கினால் சுருதி ஏறி இறங்கும். பென்சில் கரியைத் தடவிப் பாருங்கள், அதற்கும் சரிவராவிட்டால் வெட்டை அளவாக அரத்தால் அகலமாக்க வேண்டும். கடைசியாக, 12ஆவது பிரெட்டில் கம்பியை லேசாகத் தொட்டு வரும் ஹார்மொனிக்கையும் அழுத்தி வாசிக்கும் சுரத்தையும் டியூனரில் ஒப்பிடுங்கள். அழுத்திய சுரம் கூடி நின்றால் சேடிலைப் பின்னுக்குத் தள்ளுங்கள், குறைந்து நின்றால் முன்னுக்கு.

எங்கட மீனவர்களுக்கு இது புதுப் பாடமா? வலையின் பாரத்தை மாற்றினால் மிதவையையும் ஈயத்தையும் பார்க்காமல் யாராவது கடலில் இறக்குவார்களா? வலை சரியில்லை என்று புது வலையா வாங்குவார்கள்?

இதைவிட மோசமானது, அக்கூஸ்டிக் கிட்டாரின் வெண்கலக் கம்பியை எலக்ட்ரிக் கிட்டாருக்கு விற்பது. பிக்கப் என்பது காந்தம். வெண்கலச் சுற்று காந்தத்துக்குப் பிடிபடாது. அதனால் சுற்றுக் கம்பிகள் முனகும், வெறும் இரும்புக் கம்பிகள் மட்டும் கத்தும். பிறகு "பிக்கப் போயிட்டு" என்று இன்னொரு பில். நிக்கல் பூசிய இரும்புக் கம்பி என்று கேட்டு வாங்குங்கள்.

"தடிச்ச கம்பியில் சத்தம் கனமாக இருக்குமே, பலமாக அடித்தாலும் சுருதி அசையாதே" என்பார்கள். உண்மைதான். பைலாவுக்கு ஓங்கி அடிக்கிற கைக்கும் சுருதியை இறக்கி வாசிப்பவருக்கும் அது பொருந்தும். ஆனால் அது ஒரு தெரிவு, சட்டமில்லை. பிளாக் சபாத் குழுவின் டோனி அயோமி பர்மிங்ஹாம் தொழிற்சாலையில் இரண்டு விரல் நுனிகளை இழந்தவர். மெல்லிய கம்பியைக் கட்டித்தான் உலகம் அறிந்த கனமான சத்தத்தைக் கொண்டு வந்தார். பன்னிரண்டு வயதுப் பிள்ளையின் விரலை எதற்காகக் கிழிக்கிறீர்கள்?

ஒரு முஸ்லிம் வாத்தியாருக்குக் கிட்டாரில் என்ன வேலை என்று சிலர் கேட்பீர்கள். இசை கூடுமா கூடாதா என்ற விவாதத்தை உலமாக்களிடம் விடுகிறேன். நான் பேசுவது வியாபாரத்தில் நேர்மையையும் வீண்விரயத்தையும். குறையில்லாத பொருளைக் குறை என்று சொல்லி இன்னொன்றை விற்பது எந்த மார்க்கத்தில் கூடும்? தராசில் கை வைப்பதற்கும் இதற்கும் என்ன வித்தியாசம்?

ஆகவே கடை வைத்திருப்பவர்களிடம் கேட்கிறேன்: கம்பியின் வகை மாறினால் கிட்டாரையும் சரிசெய்ய வேண்டும் என்று விற்கும்போதே சொல்லுங்கள். அந்த வேலைக்கு நியாயமான கூலி வாங்குங்கள், யாரும் தடுக்கவில்லை. பெற்றோரே, "புதுசு வாங்குங்க" என்று சொன்னால், ட்ரஸ் ரொட்டையும் ஸ்பிரிங்கையும் சேடிலையும் பார்த்தீர்களா என்று கேளுங்கள். பிள்ளைகளே, எங்கட உப்புக் காற்றில் கம்பி சீக்கிரம் துருப்பிடிக்கும், வாசித்து முடித்ததும் உலர்ந்த துணியால் துடையுங்கள். கம்பி மாற்றும்போது அதே அளவில் மாற்றினால் பெரும்பாலும் எதையும் தொடத் தேவையில்லை.

கட்டிலுக்கு அடியில் கிடப்பதை இன்றைக்கே வெளியே எடுங்கள். வீசுவதற்கு முன் ஒருதரம் சரிபார்த்துவிடுங்கள்.