வேப்பமரம் குப்பை போடுது, மதில் என்ன போடுது?

நான் வாடகைக்கு இருக்கிற அறையின்ர மேற்குச் சுவரை இரவு 10 மணிக்குத் தொட்டுப் பாத்தால், காய்ச்சல்காரன்ர நெத்தி மாதிரிச் சுடும். முதலாம் வருசம் நான் இஞ்ச வரேக்க அந்தச் சுவருக்கு அங்கால ஒரு கறுத்தக்கொழும்பான் மா நிண்டது. வீட்டுக்காரருக்கு அதோட மூண்டு கோபம்: இலை கொட்டுது, வௌவால் வருது, கார் விட இடமில்லை. ஒருநாள் காலமை மிசின் வாளோட ரெண்டு பேர் வந்திச்சினம். பின்னேரம் மரம் லொறியில போட்டுது. அடுத்த கிழமை வளவு முழுக்க இன்ரலொக் கல். சுவருக்குப் புதுப் பெயின்ற். ரெண்டு மாரி போக முதலே பெயின்ற் பொருக்கு பொருக்காக் கழரத் தொடங்கிட்டுது. வீட்டுக்காரர் பெயின்றைத் திட்டிறார், மேசனைத் திட்டிறார். மாமரத்தை மட்டும் அவர் ஒருக்காலும் நினைக்கேல்லை.

அவர் கெட்ட மனுசன் இல்லை. யாழ்ப்பாணத்தில இப்ப முக்கால்வாசிப் பேர் வீடு எண்டதை இப்பிடித்தான் விளங்கி வைச்சிருக்கினம். அத்திவாரத்தில தொடங்கிக் கூரையில முடியிறதுதான் வீடு; மிச்சம் எல்லாம் 'வெறும் வளவு', கூட்டித் துடைச்சுச் சிமெந்து போட்டு வைக்கிற இடம். இந்த விளக்கமே பிழை எண்டதுதான் என்ர கட்சி. வளவும் வீட்டின் ஒரு பகுதி. சுவருக்கு வெளியே நிற்கிற மரம், செடி, கொடி, வேலி எல்லாம் சுவரின்ர குடை. குடையைத் தறிச்சு விறகாக்கிப்போட்டு, நனையுது, காயுது எண்டு புலம்பிறதில என்ன நியாயம் இருக்கு?

முதலில் வெயிலைப் பார்ப்போம். யாழ்ப்பாணம் வடக்கு அகலக்கோடு 9.7 பாகைக்குக் கிட்ட இருக்கிறது. சித்திரை வருசப்பிறப்பை ஒட்டி நடுமத்தியானச் சூரியன் எங்கட உச்சந்தலைக்கு நேரே வரும். அதிலிருந்து ஓகஸ்ட் கடைசி வரைக்கும் மத்தியானச் சூரியன் வடக்குப் பக்கம் கொஞ்சம் சரிஞ்சுதான் நிக்கும். மற்ற மாதங்களில தெற்குப் பக்கம். எந்தப் பக்கம் சரிஞ்சாலும் மத்தியானச் சூரியன் உயரத்திலதான் நிக்குது. அதால வடக்கு, தெற்குச் சுவர்களை ஓரளவு அகலமான தாழ்வாரம் காப்பாற்றிப்போடும். பிரச்சினை கிழக்கும் மேற்கும். பின்னேரம் 3 மணிக்குப் பிறகு சூரியன் தாழ வந்து மேற்குச் சுவரை நேருக்கு நேர் பார்க்குது. கூரையை எவ்வளவு நீட்டினாலும் அந்த வெயிலை மறைக்க ஏலாது. நிமிர்ந்து நிக்கிற ஏதாவது ஒன்றாலதான் முடியும். அதைத்தான் மரம் எண்டு சொல்லுறது.

அதுக்கு மரம் சுவரோட ஒட்டி நிக்கவேண்டிய தேவையும் இல்லை. பின்னேரம் 4 மணிக்கு ஒரு மரத்தின்ர நிழல் அதின்ர உயரத்தை விட நீளம். 20 அடி தள்ளி நிக்கிற மாவோ வேம்போ தன் நிழலைக் கொண்டுவந்து உங்கட சுவரில சாத்தும். 'வேர் அத்திவாரத்தை வெடிக்க வைக்கும்' எண்டு பயப்பிடுற ஆக்களுக்கு இதுதான் பதில்: தள்ளி வையுங்கோ, ஆனால் வையுங்கோ.

நிழல் இல்லாத சுவருக்கு என்ன நடக்குது? வெயில் பெயின்றைப் பிடிச்சு வைச்சிருக்கிற பசையை மெல்ல மெல்ல அழிக்குது. மேற்குச் சுவரில கையைத் தேய்ச்சுப் பாருங்கோ, சோக்குக் கட்டியைத் தொட்டமாதிரி மா ஒட்டும். பகலில் சிமெந்துப் பூச்சு சூடாகி விரியும், இரவில் குளிர்ந்து சுருங்கும். வருசக்கணக்கா இது நடக்க மயிர்வெடிப்பு விழும். பிறகு ஐப்பசி, கார்த்திகையில வாடைக்காற்றோட மழை சரிஞ்சு அடிக்கேக்க அந்த வெடிப்புக்குள்ள தண்ணி இறங்கும். தண்ணியோட உப்பும் கரைஞ்சு வெளியில வந்து, காய, சுவரில வெள்ளையாப் பூக்கும். பெயின்ற் அதுக்குப் பிறகு நிக்குமே? நாங்கள் என்னெண்டால் கடைக்குப் போய் இன்னும் விலை கூடின வாளியொண்டை வாங்கி வாறம்.

நிலத்துக்குப் போட்ட கல்லும் சும்மா கிடக்கேல்லை. மண்ணில விழுகிற மழைத்துளி உள்ளே போகும். கல்லில விழுகிற துளி துள்ளி எழும்பிச் சுவரின்ர அடியை நனைக்கும். உங்கட வீட்டுச் சுவர் அடியில ஒரு ஒண்டரை அடி உயரத்துக்கு ஊத்தையும் பாசியும் பிடிச்சிருக்கிறது அதாலதான். சுவரோரம் ஒரு பாத்தி விட்டு, லில்லியோ கீரையோ ஏதோவொண்டு நட்டிருந்தால் அந்தத் தெறிப்பு அதிலேயே நிண்டிருக்கும். வெயில் காலத்தில அதே கல்லு பகல் முழுக்கச் சூடு குடிச்சு, இரவில யன்னலுக்குள்ளால எங்களுக்கே திருப்பித் தருது.

இன்னொரு கணக்கும் இருக்கு. குடாநாட்டில வருசம் முழுக்க ஓடுற ஆறு ஒண்டும் இல்லை. வழுக்கியாறும் மாரிக்கு மட்டும்தான் ஓடும். எங்கட கிணறுகள் நம்பி இருக்கிறது சுண்ணக்கல்லுக்குள்ள இறங்கிற மழைத்தண்ணியை. அந்தத் தண்ணி இறங்க வேண்டிய வாசலைக் கல்லுப் போட்டுச் சாத்திப்போட்டு, வெள்ளத்தை றோட்டுக்குத் தள்ளிவிடுறம். பிறகு 'வாய்க்கால் வெட்டேல்லை' எண்டு பிரதேச சபையைப் பேசுறம். சபையைப் பேச வேண்டியது இருக்குத்தான். ஆனால் உங்கட படலையால வெளியில ஓடுற தண்ணியைப் பற்றியும் கொஞ்சம் பேசுவம்.

மதிலுக்கு வாறன். கதியால் வேலியில கிளுவை, பூவரசு, முள்முருக்கு, சீமைக்கிளுவை எண்டு உயிருள்ள மரங்கள் நிண்டன. வேலி காத்தை வடிச்சு உள்ளுக்கு விட்டது. சோளகக்காத்துக் கொண்டுவாற புழுதியைத் தன் இலையில வாங்கி வைச்சது. குழை ஆட்டுக்கும் தோட்டத்துக்கும் போச்சுது. ஏழடி மதில் என்ன செய்யுது? யன்னல் மட்டத்தில காத்தை மறிக்குது, வெயிலை வாங்கி வீட்டுப் பக்கம் எறியுது. அதுக்கும் பெயின்ற் அடிக்க வேணும்.

இந்த இடத்தில சிலபேர் உடனே 'ஆகா, எங்கட கிடுகுவேலிப் பண்பாடு' எண்டு கண்ணைத் துடைப்பினம். மன்னிக்கோணும், நான் அந்தக் கோஷ்டி இல்லை. அந்த வேலி பொம்பிளையளை உள்ளுக்கு வைச்சதும், ஆர் படலை தாண்டலாம், ஆர் தாண்டக்கூடாது எண்டு சாதி பாத்ததும் எங்களுக்குத் தெரியும். கதியாலை அரையடி அங்கால தள்ளி நட்டு, அதுக்காகத் தலைமுறையா வழக்காடின கதையும் தெரியும். ஆனால் பகிடியைப் பாருங்கோ: மதில் வந்து அதில எதையும் இல்லாமல் ஆக்கேல்லை. மறைப்பு அப்பிடியே இருக்கு, எல்லைச் சண்டை அப்பிடியே இருக்கு. போனது நிழலும் குழையும் மட்டும்தான். பழசில விடவேண்டியதை வைச்சுக்கொண்டு, வைக்கவேண்டியதை விட்டிருக்கிறம்.

எதிர்க்கேள்விகளுக்கும் நேர்மையாப் பதில் சொல்லவேணும். 'புயலுக்கு மரம் விழுந்தால் ஆர் பொறுப்பு?' நியாயமான கேள்வி. 2008 நிஷாவையும் 2020 புரெவியையும் கண்ட ஆக்கள் கேக்கினம். கூரைக்கு மேல சரிஞ்சு நிக்கிற தென்னையையும், உள்ளுக்கு உக்கின மரத்தையும் அகற்றத்தான் வேணும். ஆனால் ஒரு கொப்பு ஆபத்தெண்டால் கொப்பை வெட்டுங்கோ. மாரிக்கு முதல் ஒவ்வொரு வருசமும் கவாத்துப் பண்ணுங்கோ. பல்லுக் கொதிச்சால் தலையை எடுக்கிறதில்லை. 'இலை விழுந்து பீலி அடைக்குது.' ஓம், அடைக்கும். ஐப்பசிக்கு முதல் ஒருநாள் ஏறித் துப்பரவாக்கினால் சரி. 'பாம்பு வரும்.' சருகும் ஓட்டுக்குவியலும் விறகும் சுவரோட கிடந்தால் வரும், மரத்துக்காக வாறதில்லை. 'கொடி சுவரில ஈரம் பிடிக்கும்.' அது உண்மை. அதால கொடியைச் சுவரில ஏற விடாதையுங்கோ. ரெண்டு, மூண்டடி தள்ளிப் பந்தல் போட்டு பாகலோ, பயித்தையோ, முந்திரிகையோ விடுங்கோ. சுவரின்ர வெடிப்பில ஆலோ அரசோ முளைச்சால் இரக்கம் பாக்காமல் பிடுங்குங்கோ. மரத்தை விரும்புறது எண்டால் எல்லா மரத்தையும் எல்லா இடத்திலயும் விரும்புறது எண்டு அர்த்தம் இல்லை.

'ஏசி பூட்டினால் முடிஞ்சுது' எண்டு சொல்லுற ஆக்களுக்கு: உங்களுக்கு முடிஞ்சிருக்கும். இந்திய உதவியில வந்த 50,000 வீட்டுத்திட்டத்தில ஒரு சின்ன வீடு கிடைச்ச குடும்பத்துக்கு ஏசி எங்கால? போரில பனையும் தென்னையும் அழிஞ்ச, பங்கருக்கு மரம் தறிச்ச நிலங்களில அந்த வீடுகள் பல வெட்டையில நிக்குது. அங்க ஒரு வேம்பின்ர நிழல் எண்டது காசில்லாமல் கட்டின இன்னொரு அறை. பகல் முழுக்க அந்தச் சூட்டுக்குள்ள இருக்கிறது ஆர்? அடுப்படியில நிக்கிற அம்மா, கட்டிலில படுத்திருக்கிற அம்மம்மா. மரத்தைத் தறிக்க முடிவெடுக்கிறது பெரும்பாலும் பகலில வீட்டில இல்லாத ஆள். சில வேளை நாட்டிலயே இல்லாத ஆள். தொலைபேசியில 'அதைத் தறிச்சுப்போட்டுக் கல்லுப் பதியுங்கோ, காசு அனுப்புறன்' எண்டால் முடிஞ்சுது. பலாவுக்காவது தறிக்க அனுமதி எடுக்கவேணும் எண்டு சட்டம் இருக்கு. அந்த வெக்கைக்குள்ள இருக்கப்போறவையிட்ட அனுமதி கேக்கச் சொல்லி ஒரு சட்டமும் இல்லை.

கடைசியா எங்களுக்கு, அதாவது எங்கட வயசுக்காரருக்கு. யூன் 5 வந்தால் ஒரு கன்றைப் பிடிச்சுக்கொண்டு பத்துப்பேர் படம் எடுக்கிறம். யூன் எண்டது இஞ்ச சோளகம் வீசிற வறட்சிக் காலம். தண்ணி ஊத்த ஆளில்லாமல் அந்தக் கன்று ஆடிக்கு முதல் கருகும். வடக்கில கார்த்திகையை மரநடுகை மாதமாக அறிவிச்சதில ஒரு புத்தி இருக்கு: மழை எங்களுக்காகத் தண்ணி ஊத்தும். ஆகவே றோட்டுக்கரையில படத்துக்கு நடுறதை விட்டுப்போட்டு, கார்த்திகையில உங்கட வீட்டு மேற்குச் சுவருக்கு நேரே ஒண்டை நடுங்கோ. வீட்டில ஆரும் மரம் தறிக்கிற கதை எடுத்தால், கத்தி வரமுதல் பின்னேரம் 4 மணிக்கு அவையைக் கூட்டிக்கொண்டு போய் நிழல் எதில விழுகுது எண்டு காட்டுங்கோ. ஐந்து நிமிசம் போதும்.

நானும் போன கிழமை வீட்டுக்காரரிட்டக் கேட்டன்: "அங்கிள், என்ர அறைச் சுவருக்கு முன்னால ஒரு சின்னப் பந்தல் போட்டு பாசன்புறூட் விடட்டே?"

"கல்லைக் கிளப்ப வேணுமே, தம்பி" எண்டார்.

நாலு கல்லுத்தான், அங்கிள்.