பெட்டி அப்புறம்... பேரிங் முதலில்!

பழைய ஹிமாலயன் 411 ஒன்றை வாங்கியவர் முதல் மாதத்திலேயே மாட்டுவது என்ன? இரண்டு அலுமினியப் பெட்டி, தடித்த கிராஷ் கார்டு, நாலு ஃபாக் லைட். லடாக் போய்த் திரும்பிய வண்டி போல ஒரு தோற்றம் வந்துவிடும். ஆனால், வண்டி லடாக்குக்குத் தயாராகிவிட்டதா என்றால், அதுதான் இல்லை.

2016-ல் ராயல் என்ஃபீல்டு கொண்டுவந்த வண்டி இது. 450 சி.சி. மாடல் வந்துவிட்டதால் பழைய 411-கள் செகண்ட் ஹேண்டில் தாராளமாகக் கிடைக்கின்றன. எடை சுமார் 190 கிலோ, சக்தி 24.5 குதிரைத்திறன்தான். நெடுஞ்சாலையில் இந்தக் கணக்கு உறுத்தாது. மணாலியிலிருந்து ஸ்பிதிக்குப் போகும்போது கிராம்ஃபூ, பாதல் பக்கம் உருண்டைக் கல்லும், குறுக்கே ஓடும் பனி உருகிய ஓடையுமாக ஒரு வழி வருமே, அங்கே உறுத்தும். வெயில் ஏற ஏற ஓடையில் தண்ணீரும் ஏறும். அதன் நடுவே வண்டி சாய்ந்தால், மாட்டிய ஒவ்வொரு கிலோவையும் ஓட்டுபவர்தான் தூக்கி நிறுத்த வேண்டும்.

அதனால் பணத்தைக் கண்ணில் படாத இடத்தில் முதலில் போடுவது நல்லது. சென்டர் ஸ்டாண்டு போட்டு முன்சக்கரத்தைத் தரையிலிருந்து தூக்குங்கள். ஹேண்டில்பாரை மெதுவாக இடமும் வலமும் திருப்புங்கள். நடுவில் ஓரிடத்தில் 'டக்'கென்று உட்கார்ந்தால் கோன் செட் போய்விட்டது என்று அர்த்தம். கல்லில் அடிபட்டு அடிபட்டு, குண்டுகள் அமரும் பாதையில் பள்ளம் விழுந்திருக்கும். அதற்குப் பதிலாக டேப்பர் ரோலர் பேரிங் போடுவது இந்த வண்டிக்காரர்கள் பலர் செய்யும் வேலை. குண்டு ஒரு புள்ளியில் தாங்கும், ரோலர் ஒரு கோட்டில் தாங்கும். அடி பரவிவிடுகிறது.

அடுத்து பின்பக்கம். சக்கரத்தைப் பிடித்துப் பக்கவாட்டில் ஆட்டினால் ஆட்டம் இருக்கக் கூடாது. மோனோஷாக்கைச் சக்கரத்தோடு இணைக்கும் லிங்கேஜைக் கழற்றினால், பழைய வண்டியில் பெரும்பாலும் கிரீஸுக்குப் பதில் காய்ந்த சேறுதான் இருக்கும். அதைச் சுத்தம் செய்து கிரீஸ் வைத்தாலே வண்டி வேறு மாதிரி ஓடும். ஸ்போக்குகளை ஒவ்வொன்றாக ஸ்பேனரால் தட்டிப் பாருங்கள். மற்றவை 'டிங்' என்னும்போது ஒன்று மட்டும் மந்தமாக ஒலித்தால், அது தளர்ந்திருக்கிறது.

சஸ்பென்ஷனை அளக்க வீட்டில் இருக்கும் இஞ்ச் டேப் போதும், உதவிக்கு இரண்டு பேர் வேண்டும். பின்சக்கரம் அந்தரத்தில் இருக்கும்போது அச்சுக்கும் அதற்கு நேர் மேலே உள்ள ஒரு போல்ட்டுக்கும் இடையே எத்தனை மில்லிமீட்டர் என்று பாருங்கள். பிறகு ஹெல்மெட், பூட்ஸ், பயணத்தில் கட்டப்போகும் பை எல்லாவற்றோடும் ஏறி உட்காருங்கள். ஒருவர் வண்டியைப் பிடித்துக்கொள்ள, இன்னொருவர் அளக்கட்டும். ஹிமாலயனின் பின் சஸ்பென்ஷன் 180 மி.மீ. வரை இறங்கும். ஆள் உட்கார்ந்ததும் 60 மி.மீ. வரை இறங்கினால் சரி. அதைவிட அதிகம் இறங்கினால் ஸ்பிரிங்கின் ப்ரீலோடை இறுக்கலாம். முழுக்க இறுக்கியும் சரியாகவில்லை என்றால் அந்த எடைக்கு அந்த ஸ்பிரிங் போதாது. இன்ஜினை உறுமவைக்கச் செலவழிக்கும் பணம் இங்கே வர வேண்டும்!

சக்தியைக் கூட்டாமலே இழுவையைக் கூட்ட ஒரு மலிவான வழி உண்டு. முன்பக்க ஸ்ப்ராக்கெட்டில் 15 பல்லுக்குப் பதில் 14 பல். இழுவை சுமார் ஏழு சதவிகிதம் கூடும். கல் மேட்டில் கிளட்ச் கருகாமல் ஊர்ந்து ஏறலாம். நெடுஞ்சாலையில் இன்ஜின் கொஞ்சம் அதிகம் கத்தும், அவ்வளவுதான்.

கட்டை கட்டையான டயர் மண்ணில் பிடிக்கும், மழையில் நனைந்த தார்ச்சாலையில் வழுக்கும். வீட்டிலிருந்து அலுவலகத்துக்கும் அதே வண்டி என்றால் யோசித்து மாற்றுங்கள். மண்ணில் இறங்கும்போது காற்றைக் கொஞ்சம் குறைத்தால் பிடிப்பு கூடும். ரொம்பக் குறைத்தால் கல்லுக்கும் ரிம்முக்கும் நடுவே டியூப் நசுங்கி ஓட்டையாகும். திரும்பத் தார்ச்சாலைக்கு வந்ததும் காற்றடிக்கச் சின்ன பம்ப் ஒன்று பையில் இருக்கட்டும்.

நின்றுகொண்டு ஓட்ட வசதியாக ஹேண்டில்பாரை உயர்த்தினால், இரண்டு பக்கமும் முழுக்கத் திருப்பி, கிளட்ச் கேபிளும் பிரேக் ஹோஸும் இழுபடுகின்றனவா என்று பார்த்துவிட வேண்டும். இதை மறந்து, வளைவில் கேபிள் இழுபட்டு கிளட்ச் தானாக விலகினால் விளைவு விபரீதம்.

சைலன்சரிலும் இன்ஜினிலும் கை வைப்பதற்கு முன் மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவை நினைவில் கொள்ளுங்கள். ஆர்.சி. புத்தகத்தில் உள்ள விவரத்துக்கும் தயாரிப்பாளர் சொன்னதற்கும் மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்கிறது அது. உச்ச நீதிமன்றமும் 2019 ஜனவரியில் இதை உறுதிப்படுத்தியது. விபத்து நேர்ந்தால் இன்ஷூரன்ஸ் கம்பெனி முதலில் தேடுவது இதைத்தான்.

பெட்டிக்கு வருவோம். வண்டி சாயும்போது கால் பெட்டிக்கும் கல்லுக்கும் நடுவே சிக்கினால் எலும்பு முறியும். துணிப் பை நசுங்கிக் கொடுக்கும், எடையும் குறைவு. அந்த மிச்சப் பணத்தில் முட்டிக் கவசமும் கணுக்காலுக்கு மேல் ஏறும் நல்ல பூட்ஸும் வாங்கிவிடலாம். 'எங்கேயாவது விழுந்து வைப்பானே' என்று வீட்டில் கவலைப்படும் அம்மாவுக்கும் மனைவிக்கும் காட்ட, ஃபாக் லைட்டைவிட இது உருப்படியான பொருள்.

புறப்படுவதற்கு முந்தைய ஞாயிறு, பையெல்லாம் கட்டிய வண்டியைப் புல்தரையில் மெதுவாகப் படுக்க வையுங்கள். இன்ஜின் அணைந்திருக்கட்டும். முதுகை வண்டிப் பக்கம் காட்டிக் குந்தி, கால் பலத்தால் தனியாளாகத் தூக்கிப் பாருங்கள். முடியவில்லையா? பையைப் பிரித்து, எதை வீட்டில் விட்டுப் போகலாம் என்று பாருங்கள். பிறகு மறுபடி தூக்குங்கள்.