சீலிங்குக்கு மேலே என்ன இருக்கிறது?

பெருநாளுக்கு முன்னரும் கல்யாண காலங்களிலும் எங்கள் ஹாட்வெயார் கடைகளில் ஒரு காட்சியை அடிக்கடி காணலாம். தகப்பனாரின் கையில் ஒரு தாள், மகனின் கையில் ஒரு தொலைபேசி. தாளில் சீமெந்து, கம்பி, பெயின்ட் என்று கணக்கு இருக்கும். தொலைபேசியில் ஒரு படம் இருக்கும். அண்மைக் காலமாக அந்தப் படத்தில் நான் அதிகம் காண்பது சீலிங்தான். சுற்றோரம் தாழ்ந்து, நடுப்பகுதி ஒரு தட்டைப் போல உள்வாங்கி, அதன் விளிம்புக்குள்ளிருந்து வெளிச்சம் கசியும் சீலிங். எங்கள் பக்கத்தில் இதை 'டிசைன் சீலிங்' என்போம். இளைஞர்கள் 'டிறே சீலிங்' என்கிறார்கள். பெயர் எதுவானாலும் செலவு ஒன்றுதான்.

சென்ற மாதம் வந்தவர் ஓய்வு பெற்ற ஓர் ஆசிரியர். மகளுக்குக் கொடுக்கும் வீடு. கிழக்கிலே பெண்ணுக்கு வீடு கொடுக்காமல் கல்யாணம் பேச முடியாது என்ற நிலைமையை நான் இங்கு விளக்க வேண்டியதில்லை. அந்த வீட்டின் ஹோலில் ஏற்கனவே ஒரு டிசைன் சீலிங் இருக்கிறது. 2004 அளவில் செய்தது. மூன்று படி, மூலைக்கு மூலை பூவேலை, உள்ளே சிவப்பும் நீலமுமாக மின்குமிழ்கள். அந்தக் காலத்தில் அதுதான் நாகரிகம். மாப்பிள்ளை வீட்டார் வந்து பார்த்துவிட்டு "சீலிங் பழசு" என்று ஒரு வார்த்தை சொன்னார்களாம். அந்த ஒரு வார்த்தைக்காக முழுவதையும் உடைத்துப் புதிதாகச் செய்யவென்று, வைப்பிலிருந்த பணத்தை எடுத்துக்கொண்டு வந்திருந்தார்.

"தம்பி, கல்யாணத்துக்கு நாலு கிழமைதான் இருக்கு. கணக்குப் போடுங்க" என்றார்.

"சேர், கணக்கு பிறகு போடுவோம். முதல்ல சீலிங்குக்கு மேல ஏறிப் பார்த்தீங்களா?" என்று கேட்டேன்.

அவர் பார்த்திருக்கவில்லை. யாரும் பார்ப்பதில்லை. நானும் ஒரு காலத்தில் பார்த்தவனல்ல.

2007 இல் எனது சொந்த வீட்டில், உம்மா படுக்கும் அறைக்கு ஜிப்சம் பலகையால் இப்படியொரு சீலிங் செய்தேன். கடைக்காரன் வீடு, வருபவர்களுக்கு மாதிரி காட்டலாம் என்ற வியாபாரப் புத்தியும் அதில் இருந்தது. கூரையில் இரண்டு ஓடுகள் வெடித்திருந்தது எனக்குத் தெரியும். மழை பெரிதாக இறங்கவில்லை, பிறகு மாற்றலாம் என்று விட்டேன். 2011 ஜனவரியில் மட்டக்களப்பு, அம்பாறை மாவட்டங்களை மூழ்கடித்த அந்த மழை வந்தது. ஜிப்சம் பலகையின் குணம் அப்போதுதான் விளங்கியது. தண்ணீரை அது உடனே கீழே விடாது. உறிஞ்சிக்கொண்டே இருக்கும், கனம் ஏறும், வயிறு தள்ளும். எட்டுக்கு நாலு அடிப் பலகை காய்ந்த நிலையிலேயே ஏறத்தாழ 20 கிலோ. ஒரு பகல் நேரம் நடுப்பகுதி மொத்தமாக விழுந்தது. விழுந்த இடம் உம்மாவின் கட்டில். உம்மா ளுஹர் தொழுகைக்காக எழுந்து வுளூச் செய்யப் போயிருந்தார். அல்ஹம்துலில்லாஹ், அதற்கு மேல் அதைப் பற்றி எழுத எனக்கு விருப்பமில்லை.

ஆகவே டிசைன் சீலிங் கேட்டு வருபவர்களிடம் முதலில் கூரையைத்தான் விசாரிக்கிறேன். எங்கள் கரையோரத்தில் நவம்பர் தொடங்கி ஜனவரி வரை மழை. உப்புக் காற்று வருடம் முழுவதும். மலிவான சட்டமும் ஆணியும் இரண்டு மழையில் துருப்பிடித்து, வெள்ளைப் பெயின்டில் மண்ணிறப் புள்ளியாக வெளியே தெரியும். ஈரம் படும் இடத்துக்கென்று பச்சை நிறத் தாள் ஒட்டிய பலகை இருக்கிறது. அது ஈரக் காற்றைத் தாங்கும், ஒழுக்கைத் தாங்காது. இதைச் சொல்லாமல் விற்பவர்கள் எங்கள் தொழிலில் இருக்கிறார்கள் என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும்.

பழைய வீடுகளில் இன்னொரு சங்கதி உண்டு. மரச் சட்டமடித்துப் பொருத்திய அஸ்பெஸ்டஸ் தகட்டுச் சீலிங். அதை அறுத்து, உரோஞ்சி, துளைத்துப் புதுச் சீலிங்குக்கு வழி செய்கிறார்கள். முகத்தில் ஒரு துணிகூட இல்லாமல் பாஸ்மார் அந்தத் தூசுக்குள் நிற்பதைக் கண்டிருக்கிறேன். எல்லா வகை அஸ்பெஸ்டஸும் புற்றுநோயை உண்டாக்கும் என்று உலக சுகாதார ஸ்தாபனம் சொல்கிறது. எமது நாடும் 2018 தொடக்கம் அதன் இறக்குமதியைக் கட்டுப்படுத்த எண்ணியிருந்தது. 2017 டிசம்பரில் ரஷ்யா எமது தேயிலையை நிறுத்தியதும் அந்த எண்ணம் பின்வாங்கப்பட்டது. தேயிலைக்கும் சீலிங்குக்கும் உள்ள உறவு அப்படிப்பட்டது! உடையாமல் இருக்கும் தகட்டைத் தொடாமல் பெயின்ட் பூசி விட்டுவிடுவதே நல்லது. கழற்றியே ஆக வேண்டுமென்றால் நனைத்து, முழுத் தகடாக, முகமூடி அணிந்து கழற்ற வேண்டும். பிள்ளைகள் அந்தப் பக்கம் வரக்கூடாது.

அடுத்தது வெளிச்சம். இங்குதான் படம் பார்ப்பவர்கள் ஏமாறுகிறார்கள். 14 அடிக்கு 16 அடி ஹோல் ஒன்றில், நாலு பக்கமும் 2 அடி ஓரம் விட்டால் உள்வாங்கிய பகுதி 10 அடிக்கு 12 அடி. அதன் சுற்றளவு 44 அடி, அதாவது ஏறத்தாழ 13.4 மீற்றர். மீற்றருக்கு 14.4 வாற் எடுக்கும் எல்.ஈ.டி. பட்டி போட்டால் 193 வாற். அதனை இயக்கும் பெட்டியின் இழப்பையும் சேர்த்தால் 200 ஐத் தாண்டும். இரவில் ஐந்து மணித்தியாலம் எரித்தால் நாளைக்கு ஒரு யுனிட், மாதம் 30 யுனிட். 2022 ஆகஸ்டிலும் 2023 பெப்ரவரியிலும் மின்கட்டணம் ஏறியபோது வீடுகள் பட்ட பாட்டை யாரும் மறந்திருக்க முடியாது. அதன் பிறகு சில தடவை குறைந்தது உண்மைதான். ஆனால் 60, 90, 120 என்று யுனிட் படி ஏற ஏற விலையும் ஏறும் முறை மாறவில்லை. அழகுக்கென்று எரியும் அந்த 30 யுனிட் உங்களை அடுத்த படிக்குத் தள்ளிவிடலாம். இதே இடத்துக்கு மீற்றருக்கு 4.8 வாற் பட்டி போதும். மாதம் ஏறத்தாழ 10 யுனிட்டில் முடியும். வாசிப்பதற்கல்லவே அந்த வெளிச்சம்!

மஞ்சள் கலந்த வெளிச்சம் எடுங்கள். வைத்தியசாலை வெள்ளை வேண்டாம். பட்டி, கதிரையில் இருப்பவரின் கண்ணுக்குத் தெரியாதபடி விளிம்புக்குப் பின்னால் மறைய வேண்டும். பட்டிக்கும் மேற்பலகைக்கும் ஒரு சாண் இடைவெளியாவது இல்லாவிட்டால் வெளிச்சம் பரவாது, கோடாகத்தான் விழும். பளபளக்கும் பெயின்ட் பூசவே கூடாது. பக்கவாட்டில் வெளிச்சம் விழும்போது ஒவ்வொரு மூட்டும் அலை அலையாகத் தெரியும். பகலில் வேலையைப் பொறுப்பெடுத்துவிட்டு இரவில் பாஸைத் திட்டுபவர்கள் பலர்.

மின்விசிறியையும் மறந்துவிடுகிறார்கள். உள்வாங்கிய குழிக்குள் கட்டைத் தண்டில் விசிறியை மாட்டினால் காற்று குழிச் சுவரில் மோதி அங்கேயே சுற்றும். கீழே இருப்பவருக்கு வியர்வைதான் மிச்சம். விசிறியின் இறக்கை ஓரச் சீலிங்கை விடக் கீழே வர வேண்டும், அதேநேரம் தரையிலிருந்து 7 அடிக்குக் குறையவும் கூடாது. 9 அடிச் சுவருள்ள அறையில் ஓரத்தை ஒரு அடி தாழ்த்திவிட்டு இந்த இரண்டையும் சேர்த்துப் பாருங்கள், தலைக்கு மேல் மிஞ்சுவது என்னவென்று தெரியும். விசிறிக் கொக்கி கொங்கிறீட்டிலோ வளையிலோ இருக்க வேண்டும், ஜிப்சத்தில் அல்ல. இறக்கைக்கு மேலே வட்ட லைட் வைத்தால் வெளிச்சம் வெட்டி வெட்டி விழுந்து தலையிடி தரும்.

வியாபாரி இப்படி எழுதலாமா என்று என் சக வியாபாரிகள் கேட்கக்கூடும். உடைத்துப் புதிதாகச் செய்தால் எனக்கு லாபம் என்பது உண்மையே. ஆனால் 2022 இல் டொலர் 200 ரூபாவிலிருந்து 360 ஐத் தாண்டியபோது, சட்டம் அடித்துப் பலகை போட முடியாமல் பாதியில் நின்ற வீடுகளை நான் பார்த்தேன். கடனுக்குச் சாமான் கொடுத்த எனது கொப்பியில் அந்த வீடுகளின் பெயர்கள் இன்னும் இருக்கின்றன. வாடிக்கையாளர் தாங்க முடியாததை வாங்கினால் கடைசியில் அது என் தலையிலும்தான் விழுகிறது.

ஆசிரியரின் வீட்டுக்கு அன்று மாலையே சீலிங் பாஸுடன் போனேன். மேலே ஏறிப் பார்த்த பாஸ், சட்டம் நன்றாக இருக்கிறது, கூரைப் பீலிதான் மூட்டுவிட்டு ஒரு மூலையில் பலகை ஊறியிருக்கிறது என்றார். மூன்று படியில் கீழ்ப்படியை மட்டும் கழற்றினோம். பூவேலையைச் சுரண்டி, துளைகளுக்குப் பட்டி வைத்து, ஊறிய மூலைக்குப் புதுப் பலகை வெட்டிப் போட்டு, எல்லாவற்றுக்கும் ஒரே வெள்ளை, பளபளப்பில்லாதது. கலர் குமிழ்களைக் கழற்றிவிட்டு அதே விளிம்புக்குள் எல்.ஈ.டி. பட்டி. வட்ட லைட்டுகளைப் பழைய துளையின் அளவுக்கே பார்த்து எடுத்தோம். பீலிக்கும் கூரைக்கும் போனதுதான் பெரிய செலவு. எல்லாமாக ஆறு நாள் வேலை.

பணத்தில் மிஞ்சியதைத் திரும்ப வைப்பில் போடப் போவதாகச் சொன்னார். மாப்பிள்ளை வீட்டார் மறுபடி வந்து பார்த்தார்களா என்று கேட்டேன். வந்தார்களாம். மேலே பார்த்துவிட்டு, "புதுசாச் செஞ்சீங்களா?" என்று கேட்டார்களாம். மாஸ்டர் ஓம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை, தேத்தண்ணி குடிக்கச் சொன்னாராம்.