உள்நகரும் ஊர்திகளும்

ஒரு நகரின் சிறப்பை அறிய விரும்புவோர் அதன் மாளிகைகளின் உயரத்தையும் கடைகளின் ஒளியையும் கண்டு முடிவு செய்தல் இயல்பு. ஆயினும், அந்நகரின் நடுவிடத்தே கைக்குழந்தையோடு வரும் ஒரு தாயும், கோலூன்றி வரும் ஒரு முதியவரும் அச்சமின்றி நடந்து செல்ல இயலுமா என்று நோக்குதலே தக்க தேர்வு என்பது எம் கருத்து. இத்தேர்வில் நம் மதுரை மாநகரின் உள்நகர் தேறுமா என்பதையும், தேறாதாயின் அதற்குச் செய்யத்தக்கது யாது என்பதையும் ஈண்டுச் சிறிது ஆராய்வாம்.

மதுரையின் அமைப்பு உலகறிந்தது. மீனாட்சியம்மன் திருக்கோயிலை நடுவாகக் கொண்டு ஆடி வீதி, சித்திரை வீதி, ஆவணி மூல வீதி, மாசி வீதி, வெளி வீதி என ஒன்றனையொன்று சூழ்ந்து நிற்கும் தெருக்களைத் தாமரையின் இதழடுக்குக்கு ஒப்பிடுதல் மரபு. 16-ஆம் நூற்றாண்டில் விசுவநாத நாயக்கர் காலத்தில் இவ்வமைப்பு உருப்பெற்றது. மாசி வீதிகளின் அகலம் தேரோட்டத்திற்கென அமைந்தது. தேர் வலம்வருவதோ ஆண்டில் ஒரு நாள். ஏனைய நாட்களில் எல்லாம் அவ்வீதிகள் மக்கள் கால்களுக்கே உரியனவாய் இருந்தன. சிலப்பதிகாரத்து ஊர்காண் காதையில் கோவலன் மதுரையின் வீதிகளை நடந்தே கண்டான். மதுரைக்காஞ்சியோ பகலில் நாளங்காடியும் இரவில் அல்லங்காடியும் நிகழ்ந்ததைக் கூறும். நடப்பவர்க்கென எழுந்த ஊர் என்பதே மதுரையின் பழம்பெருமை.

காலம் மாற ஊரும் மாறிற்று. 1840-களில் கலெக்டர் பிளாக்பர்ன் கோட்டை மதிலை இடிப்பித்து அகழியைத் தூர்ப்பித்தார். அவ்விடத்தே புதிய வீதிகள் தோன்றின. அவர் நினைவாக நின்ற தூணே இன்றைய விளக்குத்தூண் பகுதிக்குப் பெயர் தந்தது. 1875-இல் இருப்புப்பாதை வந்தது. நிலையம் உள்நகரின் மேற்கு வாயிலை ஒட்டியே அமைந்தமையால், வண்டியை விட்டிறங்கியோர் டவுன்ஹால் ரோடு வழியே கோயிலுக்கு நடந்தே செல்லலாயினர். 1889-இல் வைகையின் குறுக்கே ஆல்பர்ட் விக்டர் பாலம் எழுந்து வடகரையைத் தென்கரையோடு பிணைத்தது. இம்மாறுதல்கள் எல்லாம் மக்களை உள்நகர்க்குக் கொணர்ந்தனவேயன்றி, உள்நகரில் அவர் நடக்கும் இடத்தைப் பறித்தனவல்ல. அப்பறிப்பு மோட்டார் வண்டியோடு வந்தது.

இன்று மாசி வீதியிலோ ஆவணி மூல வீதியிலோ செல்வோர் காண்பது யாது? இருமருங்கும் இருசக்கர வண்டிகளின் வரிசை. அவற்றின் அருகே பட்டப்பகலில் மூட்டை இறக்கும் லாரி. எஞ்சிய இடைவெளியில் ஆட்டோக்களின் நெருக்கம். இவற்றினூடே நடப்பவன் தன் உயிரைத் தானே காத்துக்கொள்ள வேண்டிய நிலை. வண்டியில் வருவோர் சிலர். அவர் கொள்ளும் இடமோ பெரிது. நடந்தும் பஸ்ஸிலும் வருவோர் பலர். அவர்க்குரிய இடமோ கடைப்படிக்கும் சாக்கடைக்கும் இடைப்பட்ட ஒரு முழம். இது முறையாகாது.

இந்நோய்க்கு இதுகாறும் செய்யப்பெற்ற மருந்துகளில் முதலாவது, உள்நகரிலுள்ளவற்றை வெளியே அனுப்புதல். 1999-இல் வெளியூர்ப் பஸ் நிலையம் மாட்டுத்தாவணிக்குச் சென்றது. பின்னர் மத்தியக் காய்கறிச் சந்தையும் அங்கே சென்றது. புது மண்டபத்துக் கடைகள் குன்னத்தூர்ச் சத்திரத்திற்கு மாறின. கலைச்செல்வமாகிய மண்டபத்தைக் காக்கக் கடைகளை அருகே மாற்றியது நன்றே. நெடுந்தூரப் பஸ்கள் நகரின் நடுவே புகாமையும் நன்றே. ஆயின் மேலூரிலிருந்தும் நத்தத்திலிருந்தும் வரும் உழவன், முன்னர் ஒரே வண்டியில் வந்தவன், இப்பொழுது புறநகரில் இறங்கி வேறு வண்டி ஏறவேண்டியவனானான். அவ்விணைப்பு எளிதாயில்லையேல் அவன் ஒன்று கடன்பட்டேனும் இருசக்கர வண்டி வாங்குவான்; அன்றி, உள்நகர்க் கடையையே மறப்பான். முன்னது நெருக்கத்தைப் பெருக்கும். பின்னது வாணிகத்தைச் சுருக்கும்.

இரண்டாவது மருந்து மேம்பாலம். நத்தம் சாலையில் 7 கிலோமீட்டருக்கு மேல் நீண்ட உயர்மட்டப் பாலம் 2023-இல் திறக்கப்பெற்றது. ஊரைவிட்டுச் செல்வோர்க்கும் ஊர்க்கு வருவோர்க்கும் அது விரைவு தருவதே. எனினும் குடத்தின் வாயை எத்துணை அகலமாக்கினும் கழுத்து ஒடுங்கியதாயின் நீர் அங்கே தேங்கும். பாலத்தில் விரைந்து வந்த வண்டி வந்து நிற்குமிடம் அதே சிம்மக்கல்லும் யானைக்கல்லுமே.

மூன்றாவது, வரப்போவதை எதிர்நோக்கியிருத்தல். திருமங்கலம் முதல் ஒத்தக்கடை வரை மெட்ரோ ரெயில் அமைக்கும் திட்டத்தை, மக்கள்தொகை போதாதென்று காட்டி 2025-இல் மத்திய அரசு திருப்பியனுப்பியது. வழக்காடுவோர் வழக்காடுக. ஆனால் நம் கண்முன்னே கிடக்கும் இருப்புப்பாதையை நாம் மறத்தல் ஏன்? திருமங்கலம், திருப்பரங்குன்றம், கூடல் நகர் ஆகியன ஒரே பாதையில் உள்ளன. சிலைமான், திருப்புவனம் மானாமதுரைப் பாதையில் உள்ளன. உசிலம்பட்டி வழியே போடி செல்லும் பாதை 2023-இல் அகலப்பாதையாக முழுமை பெற்றது. இப்பாதைகளெல்லாம் உள்நகரின் வாயிலிலே வந்து கூடுகின்றன. காலையும் மாலையும் சிறு ரெயில் வண்டிகள் அடுத்தடுத்து ஓடுமாயின், புதுச்சுரங்கம் தோண்டாமலே சுற்றுப்புறச் சமவெளி முழுதும் நகரோடு இணையும்.

2016-இல் மதுரை சீர்மிகு நகரத் திட்டத்திற்குத் தேர்ந்தெடுக்கப்பெற்றது. அதன் பயனாய்ப் பெரியார் பஸ் நிலையம் புதுக்கப்பெற்று 2021-இல் திறக்கப்பெற்றது. பழைய காய்கறிச் சந்தை இருந்த இடத்தில் பல அடுக்கு வண்டி நிறுத்தகம் எழுந்தது. பின்னதைப் பற்றி எம் கருத்தைக் கூறாதிருத்தல் இயலாது. கோயிலின் அருகே வண்டிக்கு மாளிகை கட்டுதல், வண்டியை உள்ளே வருகவென்று வெற்றிலை பாக்கு வைத்து அழைப்பதாகும். வண்டிகள் தங்குமிடம் வெளி வீதிக்கு அப்பால் இருத்தல் வேண்டும். இதற்கு மாறாக, சித்திரை வீதிகளில் மோட்டார் புகாவண்ணம் தடுத்தமை மிக நல்ல செயல். அங்கே இன்று அயலூரார் அமர்ந்து இளைப்பாறுகின்றனர், குழந்தைகள் ஓடியாடுகின்றனர். ஓரிதழில் இயன்றது அடுத்த இதழில் இயலாதோ?

ஆகவே எம் கருத்து இது. சித்திரை வீதியின் நன்மையைப் படிப்படியாய் ஆவணி மூல வீதிக்கும் மாசி வீதிக்கும் விரித்தல் வேண்டும். மாசி வீதிகளைச் சுற்றி ஒரே திசையில் சிறு பஸ்கள் சில நிமிடங்களுக்கு ஒன்றாய் ஓடி, ரெயில் நிலையத்தையும் பெரியார் நிலையத்தையும் கோயில் வாயில்களையும் கடைவீதிகளையும் இணைத்தல் வேண்டும். சரக்கு ஏற்றலும் இறக்கலும் இரவிலே நிகழ்தல் வேண்டும். அல்லங்காடி கண்ட ஊர்க்கு இது புதிதன்று. தெருவோர வணிகர்க்கு 2014-ஆம் ஆண்டுச் சட்டம் தந்த உரிமைப்படி இடம் வரையறுத்தல் வேண்டும். அவரை விரட்டிப் பெறும் நடைபாதை நெடுநாள் நில்லாது.

இதற்கு வணிகர் தடை கூறுவர். வண்டி நில்லாத தெருவில் வாடிக்கையாளர் நில்லார் என்பர். 1962-இல் கோபன்ஹேகன் நகரில் பெருங்கடைத்தெருவொன்றை நடப்பவர்க்கே விட்டபொழுது அங்குள்ள வணிகரும் இவ்வாறே அஞ்சினர். ஆயின் வாணிகம் தளரவில்லை, வளர்ந்தது. சென்னைப் பாண்டி பஜாரில் 2019-இல் நடைபாதைகள் அகலமாக்கப்பட்டன. அங்குக் கடைகள் மூடிக்கிடக்கவில்லை. துணி எடுக்கவும் நகை எடுக்கவும் குடும்பத்தோடு வருவோர் தெருவில் உலாவக் கூடுமாயின் ஒரு கடைக்கு வந்தவர் நான்கு கடைகளில் நுழைவர். நோயாளர், ஊனமுற்றோர், அவ்வீதிகளில் குடியிருப்போர் ஆகியோர்க்கு விலக்கு வேண்டும் என்பது உண்மையே. அதனை அனுமதிச்சீட்டால் ஒழுங்கு செய்யலாம். ஆட்டோ ஓட்டுவோரின் பிழைப்பும் கெடாது. வெளி வீதிகளில் முறையான நிலையங்கள் அவர்க்கு வேண்டும்.

1914-இல் இந்தியா வந்து மதராஸ் மாகாண நகரங்களை ஆராய்ந்த ஸ்காட்லாந்து அறிஞர் பாட்ரிக் கெடிஸ், பழைய தெருக்களை இடித்து அகலமாக்குதலைக் கண்டித்து, நோயுற்ற பகுதியை மட்டும் சிறிதளவு திருத்தும் முறையையே வற்புறுத்தினார். மதுரைக்கு அதுவே பொருந்தும். இங்கே இடிக்கவேண்டுவது சுவர்களை அன்று. ஊர்தி உடையானே பெரியவன் என்னும் எண்ணத்தையே.

இதில் மாணவர் செய்யத்தக்க பணியும் ஒன்றுண்டு. பொருளியலும் கணிதமும் பயில்வோர் ஒரு வாரம் மாசி வீதி முனைகள் நான்கிலும் நின்று, நடந்து செல்வோர் எத்துணைப் பேர், வண்டியில் செல்வோர் எத்துணைப் பேர் என எண்ணிக் குறிப்பாராக. அக்கணக்கை மாநகராட்சியின் முன்னும் வணிகர் சங்கங்களின் முன்னும் வைப்பாராக. இந்நகரில் வாணிகம் நடத்தும் பழைய மாணவர், மாதத்தில் ஒரு ஞாயிறேனும் தம் தெருவை நடப்பவர்க்கு விட்டுப் பார்க்க முன்வருவாராக. ஒரு நாளைய சோதனையில் நன்மை விளங்குமாயின், மறுநாளைக்கு அதிகாரிகளை வேண்ட வேண்டியிராது, மக்களே கேட்பர்.